கேபோ தீவைத் தாண்டியாயிற்று

சிட்னியின் ஜனவரி முன்னறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் 41 டிகிரி. பிற்பகலுக்கு மேல் காற்று தெற்காகத் திரும்பும், வீச்சு பலமாக இருக்கும். இரவில் ஆங்காங்கே சிறு மழை. மறுநாள் 24 டிகிரி. இந்த நான்கு துண்டுகளில் ஊர்க்காரர் கண் இரண்டாவதில்தான் போய் நிற்கும். 41-ஐப் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, பிடரியே சொல்லிவிடும். மழையை மேற்குப் புறநகர்வாசிகள் பெரிதாக நம்புவதில்லை. 'பிற்பகலுக்கு மேல்' என்றால் எத்தனை மணி என்பதுதான் விஷயம். துங்காபியிலும் பென்டில் ஹில்லிலும் நம்மவர் மளிகைக் கடைகளில் கறிவேப்பிலைக் கட்டைக் கையில் பிடித்தபடியே கேட்பார்கள்:

"சதர்லி எத்தினை மணிக்காம் அண்ணை?"

"ஆறு எண்டு போட்டிருக்கு. நௌராவுக்கு வந்திட்டுதாம்."

சதர்லி என்பது தெற்கிலிருந்து வரும் இந்தக் குளிர்காற்று. நாளிதழ்கள் அதன் வரவை மழைச் செய்தியாகத் தலைப்பிடும். என் கணக்கில் அது குறைந்த மதிப்பீடு. நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்துக்குக் குளிர்முகம் வரும்போது மழை கடைசியில் வரும் சில்லறை. முதல் இருப்பது அந்தக் கோட்டில். இந்தப் பக்கம் பாலைவனம், அந்தப் பக்கம் தென்பெருங்கடல் என்று இரண்டு காற்றுகளைப் பிரிக்கும் விளிம்பு நம் வீட்டுக் கூரையைக் கடக்கும் நிமிடம் இருக்கிறதே, அதைச் சுவைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர்க் கோடை பாதி பொறுத்துக்கொள்ளக் கூடியதாகிவிடும்.

அந்தக் கோடு வரும் வழியே அழகு. தென்மேற்கில், பெர்த்துக்குக் கீழே கடலில் உருவாகி, ஆஸ்திரேலியப் பெருவளைகுடாவைக் கடந்து, அடிலெய்ட், மெல்பர்ன் என்று மேற்கிலிருந்து கிழக்காக வருகிறது. வரைபடத்தில் அதை நீலமாகப் போட்டு, போகும் திசையில் சிறு முக்கோணப் பற்கள் வைப்பார்கள். முன்னால் கண்டத்தின் நடுவிலிருந்து காய்ந்து வரும் வடமேற்குக் காற்று. பின்னால் குளிர்ந்து கனத்த தெற்குக் காற்று. (சுடுவது வடக்கு, குளிர்வது தெற்கு என்பது பழக நமக்குக் கொஞ்ச நாள் பிடிக்கிறது.) மெல்பர்ன்காரர்களுக்கு இது நேரே மேற்கிலிருந்து வந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் வழியில் மலை நிற்கிறது.

கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் பெரும் பிரிப்பு மலைத்தொடர் இமயம்போல் உயரமில்லை. அதன் தலைச் சிகரமான கொசியஸ்கோவே 2,228 மீட்டர்தான். ஆனால் குளிர்காற்று அதைவிடவும் குள்ளம். கனமான காற்று தரையோடு தவழ்வது. முன் விளிம்பில் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தடிப்புகூடத் தேறாது. அதற்கு மலை ஏற முடியாது. ஆகவே உள்நாட்டுப் பக்கம் கோடு தயங்கி நிற்க, கடற்பக்கம் இருக்கும் பகுதி மலையின் தென்கிழக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு கரைவழியே வடக்கே ஓடிவிடுகிறது. வரைபடத்தில் நேராக வந்த நீலக்கோடு அந்த இடத்தில் நெளிந்துபோகும். ஓடும் காற்றுக்கு இடப்பக்கம் மலைச் சுவர். தென்னரைக்கோளத்தில் பூமியின் சுழற்சி, நகரும் காற்றை இடப்பக்கமாகவே தள்ளும். எனவே அந்தக் குளிர்காற்று கடலுக்குள் சிதறிப் போகாமல் மலையோடு சாய்ந்துகொண்டே நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அகலம் குறைந்த, தாழ்ந்த, விரைவான ஓட்டம். மலையும் கடலும் சுழற்சியும் சேர்ந்து வெட்டிய வாய்க்கால் என்று சொல்லலாம். மலை இன்னும் நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்திருந்தால் சிட்னிக்குச் சாதாரணமான காற்று மாற்றம்தான் கிடைத்திருக்கும்.

அந்த மூலையில் இருப்பது கேபோ தீவு. விக்டோரியாவின் கிழக்குக் கோடியை ஒட்டியது. 1862-இல் இளஞ்சிவப்புக் கிரானைட் கல்லால் எழுப்பிய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. அந்தத் தீவில் காற்று திரும்பிவிட்டது என்றால் சதர்லி மூலையைத் தாண்டியாயிற்று, இனி அது நமக்குத்தான். பிறகு கிரீன் கேப், மொன்டேகு தீவு, மொரூயா, உள்ளடல்லா, கையாமா, வொலொங்கொங்கை அடுத்த பெல்லாம்பி, கடைசியாக பாட்டனி வளைகுடாவின் வாயிலில் குர்னெல். வானிலைப் பணியகம் இந்த ஒவ்வொரு முனையின் காற்றளவையும் உடனுக்குடன் வெளியிடுகிறது. அட்டவணையில் 'வடவடகிழக்கு 28' என்றிருந்த வரிக்கு மேல் 'தெற்கு 65' என்று ஒரு வரி ஏறும். பக்கத்திலேயே வெப்பம் 36-இலிருந்து 22. அடுத்த ஊர் வரி இன்னும் வடக்கையே காட்டிக்கொண்டிருக்கும். நல்லூர்த் தேரன்று வடக்கு வீதியில் நிற்பவர்கள் ஆரவாரம் எந்தத் திருப்பத்திலிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப்போல, கோடைப் பிற்பகலில் சிட்னிவாசிகள் இந்த அட்டவணையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கையாமா வந்துவிட்டால் வேலையை முடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போகலாம்.

இதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது இணையம் தந்த பழக்கம் என்று நினைக்கவேண்டாம். தந்தி வந்த காலத்திலேயே தொடங்கியது. சிட்னி வான்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி சேம்பர்லைன் ரஸல் 1877 பிப்ரவரி 5 அன்று 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' நாளிதழில் வானிலை வரைபடம் அச்சிடத் தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி ஆம்ப்ரோஸ் ஹன்ட், இந்தத் தெற்குக் காற்றைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட கட்டுரை எழுதி 1894-இல் ரால்ஃப் அபர்க்ராம்பி நிறுவிய பரிசை வென்றார். எந்த மாதம், எந்த மணி, எவ்வளவு வேகம், முன்னால் என்ன மேகம், அழுத்தமானியில் என்ன நெளிவு என்று ஒரே ஒரு காற்றுக்கு இவ்வளவு கவனம்! நார்வேயின் பெர்கன் நகரத்து வானிலையாளர்கள் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, போர்முனை என்ற உருவகத்தை வைத்துக் குளிர்முகம் என்ற கருத்தை வகுத்தது அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து. ஹன்டிடம் அந்தக் கோட்பாடு இல்லை, கோடு இருந்தது. 1908-இல் நாடு முழுமைக்குமான வானிலைப் பணியகம் இயங்கத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் இவரே. ஒரு காற்றை ஒழுங்காகப் பார்த்ததற்கு இதைவிடப் பொருத்தமான பதவி உயர்வு எனக்குத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால், குடியேற்றத்தின் தொடக்க காலத்தில், ஊருக்குத் தெற்கே இருந்த செங்கல் சூளை மேட்டிலிருந்து சிவப்புத் தூளை அள்ளிவந்து வீட்டுக்குள் கொட்டும் காற்றாகத்தான் இதை அறிந்திருந்தார்கள். துணி காயப்போட்டவர்கள் சபித்த காற்று. இப்போது அந்த மேட்டைச் சுற்றி ஹேமார்க்கெட், சைனாடவுன். தூள் நின்றுவிட்டது, காற்று நிற்கவில்லை.

வரும் நிமிடத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு தளர்வு. காலையிலிருந்து ஊதிய வடமேற்கு ஓய்ந்துவிடும். யூகலிப்டஸ் மரத்தின் நீண்ட இலைகள் இயல்பிலேயே செங்குத்தாகத் தொங்குபவை. அந்த ஓய்வில் அவை வெட்டிவைத்த தகரம்போல் அசையாது. சிள்வண்டுகள் உச்சத்தில் இருக்கும். கிரீன்குரோசர் எனப்படும் பெரிய பச்சைச் சிள்வண்டு ஒரு மரம் நிறைய இருந்தால் கீழே நின்று பேசமுடியாது. அழுத்தமானி அன்று முழுதும் இறங்கிக்கொண்டே வந்திருக்கும்.

தெற்கு வானில், அடிவானத்துக்குச் சற்று மேலே, சில சமயம் ஒரு மேகச் சுருள் தெரியும். குளிர்காற்றின் முன் விளிம்பு ஓடும்போது அதன் தலை வீங்கி எழும்பும். எழும்பிய தலை முன்னால் இருக்கும் ஈரக்காற்றை மேலே தூக்க, அந்த ஈரம் குளிர்ந்து நீண்ட உருளை மேகமாகத் திரள்கிறது. கரைக்குக் குறுக்காக, ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்கு எட்டாத நீளத்தில் அது வரும். நன்றாகப் பார்த்தால் உருளை சுற்றுவதுபோல் தெரியும்: முன்பக்கம் மேலே ஏறுகிறது, பின்பக்கம் இறங்குகிறது. 2015 நவம்பரில் பொண்டைக் கடற்கரைமேல் ஏறிவந்த தட்டுமேகத்தின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அது இடிமழையோடு வந்த பெரிய சாதி. எனக்கென்னவோ அந்த ஆர்ப்பாட்டத்தைவிட, மேகமே இல்லாமல் தெளிந்த வானத்தில் வரும் சதர்லிதான் பிடிக்கும். கண்ணுக்கு ஒன்றும் காட்டாமல் காதாலும் தோலாலும் தன்னைத் தெரியப்படுத்தும்.

முதலில் காது. தெருக்கோடியில் மரங்கள் இரையும் ஓசை. இங்கே ஓர் இலையும் அசையாது. அந்த இரைச்சல் வீடு வீடாக நெருங்கும். பிறகு எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்தும் சத்தம், அப்புறம் அதற்கு அடுத்த வீட்டுக் கதவு. சிவப்பு மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்று சாய்ந்து உருளும். கொல்லைப்புறத்தில் ஹில்ஸ் ஹோய்ஸ்ட் என்ற சுழல் துணிக்கொடி, பகலெல்லாம் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தது, ஒரு கணம் தயங்கி நின்று எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். அந்தத் தயக்கத்தில்தான் கோடு உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. தூசி முகத்தில் அறையும். தூசியே இன்னும் சூடாக இருக்க, அதைத் தூக்கிவந்த காற்று குளிர்ந்திருக்கும். முன்னங்கையின் மயிர் நிமிர்கிறது. சிள்வண்டுகள் படிப்படியாகக் குறையாது. ஒரு மரம், அடுத்த மரம் என்று அணையும். சில நிமிடங்களில் பத்து, பதினைந்து டிகிரி இறங்கிவிடும். அழுத்தமானியின் வரைகோடு இறங்கிவந்த இடத்திலேயே மடங்கி மேலே ஏறும். மையில் வரையும் பழைய கருவியில் அந்த மடக்கு அவ்வளவு கூர்மையாக விழும்.

நகரம் முழுவதும் இதற்கேற்பத் தன்னைத் திருப்பிக்கொள்வதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சிட்னி விமான நிலையத்தின் இணை ஓடுபாதைகள் பாட்டனி வளைகுடாவுக்குள் நீண்டு கிடக்கின்றன; ஒரு முனையில் 34, மறுமுனையில் 16 என்ற எண்கள். வடக்குக் காற்று இருக்கும்வரை விமானங்கள் கடல்பக்கமிருந்து வந்து 34-இல் இறங்கும், ஏனெனில் விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கவேண்டும். சதர்லி குர்னெலைத் தொட்டதும் ஏற்பாடு தலைகீழ். வரிசையில் இருந்தவை சுற்றிக்கொண்டு வடக்கே வந்து, லைக்கார்ட், பீட்டர்ஷாம் வீட்டுக் கூரைகளை உரசுவதுபோல் தாழ்ந்து 16-இல் இறங்கத் தொடங்கும். அந்தப் புறநகர்களில், காற்று மாறியதை விமானச் சத்தத்தை வைத்தே சொல்லலாம். துறைமுகத்தில் பாய்கள் இறங்குகின்றன. டிசம்பர் 26 அன்று ஹோபார்ட்டுக்குப் புறப்படும் பந்தயப் படகுகள் பலமுறை வடகிழக்குக் காற்றில் வண்ணப் பாய் விரித்து ஓடி, முதல் இரவிலேயே இந்தக் கோட்டின் எதிரே போய் முட்டியிருக்கின்றன.

சென்னைக்காரருக்கு இதன் சிறிய தம்பியைத் தெரியும். மே மாதத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழையும்போது மயிலாப்பூரில் சட்டென்று சட்டை படபடக்கும், பூந்தமல்லி இன்னும் வெந்துகொண்டிருக்கும். அதுவும் கனத்த காற்று லேசான காற்றின் அடியில் ஆப்புபோல் நுழைவதுதான். தம்பி தினமும் வந்து நாலைந்து டிகிரியைக் கழித்துவிட்டுப் போவான். அண்ணன் வாரக்கணக்கில் காக்கவைத்து வருவான்.

அண்ணன் எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுப்பதும் இல்லை. கரையிலிருந்து உள்ளே வர வர விளிம்பு மழுங்கும். பொண்டையில் அறையாக விழுவது பாரமட்டாவில் தட்டலாகி, கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிய பென்ரித்தில் சில நாள் பெருமூச்சளவில் நின்றுவிடும். சூடோ அங்கேதான் அதிகம். 2013 ஜனவரி 18 அன்று நகர மையத்தின் வான்காட்சியகக் குன்றில் 45.8 டிகிரி, அதுவரை அங்கே பதிவாகாத வெப்பம். பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9. நம்மவர்கள் பெரும்பாலும் குடியிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். கரையிலிருக்கும் நண்பர் "இங்கே வந்துவிட்டது" என்று தகவல் அனுப்பிய பிறகும் காத்திருக்கவேண்டிய அந்த இடைவெளியில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. இதில் பொங்கல் வேறு நடுக்கோடையில் வருகிறது. கடும் வெப்பமும் காற்றுமான நாளில் முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் கொல்லையில் விறகடுப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். பால் பொங்குவது சமையலறை மின்னடுப்பில்தான்.

தீத்தடை வெறும் சம்பிரதாயம் இல்லை. இந்த அழகான கோட்டுக்கு ஒரு கொடிய பக்கம் இருக்கிறது. வடமேற்குக் காற்றில் காட்டுத்தீ தென்கிழக்காக நீண்ட நாக்குபோல் ஓடும். முனை குறுகல், பக்கங்கள் நீளம். சதர்லி வந்து மோதும்போது அந்த நீண்ட பக்கம் முழுவதும் ஒரே நொடியில் முனையாகிவிடும். பென்ரித் 48.9-ஐத் தொட்ட அதே நாள் இரவில், தென்கரைக் காடுகளில் எரிந்த தீ தெற்குக் காற்றேறி விங்கெல்லோ, பண்டனூன் ஊர்கள் பக்கம் பாய்ந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேரைக் கொன்ற தீயிலும் மாலைநேரக் காற்று மாற்றத்துக்குப் பங்குண்டு. சிட்னியில் ஜன்னலைத் திறக்கும் அதே நிமிடத்துக்காகத் தீயணைப்பாளர்கள் வேறு காரணத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழை இதற்கெல்லாம் பிறகு, ஆறுதலாக வரும். கோடையில் இந்தக் கரைக்கு அப்பால் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிறது. அதன்மேல் குளிர்காற்று ஓடும்போது அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏற, சிறுசிறு மேகக் குவியல்கள் முளைக்கும். ரேடார் படத்தில் அவை ஒட்டாத பொட்டுகளாகத் தென்கிழக்கிலிருந்து கரையேறும். ஒவ்வொரு பொட்டும் ஒரு மழை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இடையில் வெளிச்சம், சில சமயம் வெயில், அப்புறம் அடுத்தது. வொலொங்கொங்கின் முதுகில் நிற்கும் இல்லவாரா மலைச்சரிவு அவற்றைத் தூக்கிப் பிழிந்துவிடுவதால் அங்கே நன்றாகவே பெய்யும். மேற்கே வரும்போது ஈரம் தீர்ந்திருக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக் கணக்கில் எங்கள் பக்கத்து நிலையங்களுக்கு எதிரே பல தடவை 0.2 மில்லிமீட்டர் என்றிருக்கும். தானியங்கி மழைமானிக்குள் ஒரு சாய்கிண்ணம் இருக்கிறது. அது நிறைந்து ஒருமுறை கவிழ்ந்தால் 0.2. ஆக, அன்றிரவு பெய்த மழை ஒரே ஒரு கிண்ணம். காரின் மேல் படிந்த தூசியில் அந்த மழையின் ஒவ்வொரு துளியும் தனித்தனி வட்டமாக, விளிம்பு கட்டி, எண்ணக்கூடிய மாதிரி இருக்கும். கழுவுவதற்குப் போதாத, அழுக்கை எடுத்துக்காட்ட மட்டும் போதுமான மழை. அதற்குள்ளும் தார்ச்சாலையில் ஒரு வாசம் கிளப்பிவிடுகிறது, அதை மறுக்கமாட்டேன்.

வீட்டுக்குள் சதர்லியை வரவழைப்பது தனிக் கலை. வெளியே 22 ஆன பிறகும் உள்ளே 31 இருக்கும். செங்கல் பகலெல்லாம் வாங்கி வைத்ததை இரவில்தான் திருப்பிக் கொடுக்கும். காலையிலேயே திரை இழுத்து, ஜன்னல் சாத்தி வைத்திருப்போம். முதல் வீச்சிலேயே எல்லாவற்றையும் திறந்தால் வீடு நிறையத் தூசி. அனுபவப்பட்டவர்கள் அந்த முதல் ஐந்து நிமிடத்தை விட்டுவிடுவார்கள். பிறகு தெற்குப் பக்கத்து ஜன்னலை ஒரு சாண் மட்டும், வடக்குப் பக்கத்தை முழுதாக. நுழையும் வாய் சிறியதாகவும் போகும் வாய் பெரிதாகவும் இருந்தால் நுழைகிற இடத்தில் காற்று விரைந்து வரும். கட்டில் அந்த ஜன்னலோரம் இருக்கவேண்டும். கதவுகளுக்கெல்லாம் முன்கூட்டியே ஏதாவது முட்டுக்கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் நள்ளிரவில் வெடி. நுளம்பு வலை ஊதி உள்வாங்கி மறுபடி ஊதும்போது அதிலிருந்து ஒரு நுண்ணிய மண்வாடை உதிரும். கொஞ்ச நேரத்தில் அலமாரியின் மேல்தட்டில் ஆறு வாரமாகத் தொடாத போர்வையைத் தேடுவார்கள்.

அடுத்த நாள் சாம்பல் நிறம். 23, 24 டிகிரி, தாழ்ந்த மேகம், கரையில் விட்டுவிட்டுச் சாரல். நேற்றுவரை வெயிலைத் திட்டியவர்கள் ரயில் நிலையத்தில் கையை மார்போடு கட்டிக்கொண்டு குளிரைத் திட்டுவார்கள். அதற்கடுத்த நாள் உயர் அழுத்தம் டாஸ்மன் கடலுக்கு நகரும்; காற்று கிழக்காகி, வடகிழக்காகி, ஒரு நாள் நல்ல கடற்காற்றும் நீலவானமும். மறுபடி அது வடமேற்காகத் திரும்பத் தொடங்கும்போது வரைபடத்தைப் பார்த்தால், பெர்த்துக்குக் கீழே இன்னொரு நீலக்கோடு பற்களோடு கிளம்பியிருக்கும். அது மலையின் மூலையைச் சுற்றுமா, இல்லை தெற்கே கடலோடு நழுவிப் போய்விடுமா என்பது அடிலெய்டைத் தாண்டும்வரை பணியகத்துக்கே உறுதியாகத் தெரியாது.